புத்தகம் றெஜியிட்ட இரிக்கி

கம்ப்யூட்டர் திரையில் கேள்வி வந்ததும் ஹுசைன் நானா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். திரும்பவும் வாசிப்பார். பிறகு விளையாட்டை மூடித் திறப்பார். ஒன்பதாம் பக்கத்துக் கேள்வி வரும்வரை இப்படித்தான். முப்பது கேள்விகளில் அந்த ஒன்றுக்குத்தான் அவருக்கு விடை தெரியும்.

வெள்ளவத்தையில் எங்கள் கீழ்வீட்டுக்காரர், கம்ப்யூட்டர் திருத்துகிறவர். ரோமர் காலத்துப் போர்களை வைத்துச் செய்த பழைய விளையாட்டு அது. களவாகப் பிரதி எடுத்தவர்கள் விளையாடாதபடி, தொடங்கும்போதே முப்பது பக்கக் கையேட்டின் ஏதாவதொரு பக்கத்திலிருந்து ஒரு பெயரைக் கேட்கும். இணையத்தில் விளையாட்டு அகப்பட்டது. கையேட்டை இரண்டு வருடமாகத் தேடுகிறார். எந்த நாட்டிலும் யாரிடமும் இல்லை.

"புத்தகம் றெஜியிட்ட இரிக்கி," என்றார் ஒருநாள்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இவரும் கூட்டாளி றெஜியும் சேர்ந்து வாங்கியதாம். டிஸ்க் இவரிடம், கையேடு றெஜியிடம். ஒருவரை விட்டு மற்றவர் விளையாடக் கூடாதென்றே அப்படிப் பிரித்தார்கள். நானா ஒன்பதாம் பக்கத்தை மட்டும் இரகசியமாகப் போட்டோக்கொப்பி எடுத்து, இருவரும் பாதியில் விட்டிருந்த ஆட்டத்தைத் தனியே விளையாடி, றெஜியின் நகரங்களைப் பிடித்துவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. இருபத்தெட்டு வருடம்.

"போய்க் கேட்டா என்ன நானா?"

"என்ன மொகத்த வச்சிக்கிட்டுப் போற?"

ஆனால் றெஜி குடும்பத்தோடு இத்தாலிக்குப் போகப் போகிறார் என்று கேள்விப்பட்ட ஞாயிறே கொட்டாஞ்சேனைக்குக் கிளம்பினார். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

கதவைத் திறந்த றெஜி, நானாவை அடையாளம் கண்டதும் கேட்டார்.

"மிச்ச இருபத்தொன்பது பக்கமும் களவெடுக்க வந்தனியா?"

"ரோமாபுரியப் பிடிக்கப் போறியாமே. அதுக்கு முந்தி ஒருக்கா என்னோட மோதிட்டுப் போடா."

றெஜி வாசலை விட்டு விலகினார். இருவர் கண்ணையும் பார்க்காமல் நான் செருப்பைக் கழற்றினேன்.

திரை பதினேழாம் பக்கத்துப் படைத்தலைவனின் பெயரைக் கேட்டது. தேத்தண்ணியை ஊதியபடி, இருந்த இடத்திலிருந்தே றெஜி சொன்னார். அந்த ஆட்டத்தில் நானா தோற்றார். அடுத்த ஆட்டத்துக்கு வேறு கேள்வி; அதற்கும் அப்படியே சொன்னார்.

"புத்தகத்தக் கொஞ்சம் காட்டேன்டா."

"அலுமாரிக்குள்ள இருக்கு. உன்ர கையில தரமாட்டன். நீ கேள், நான் சொல்லுறன்."

பொழுது சாயும்வரை நானா கேட்டார், அவர் சொன்னார். ஐந்து ஆட்டம். நானா ஒன்றில்தான் வென்றார்.

மறந்துவிட்டு வந்த சார்ஜரை எடுக்க அடுத்த கிழமை நான் போனபோது, றெஜியின் மகள் டெனிஷா பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்தாள். கையேட்டைப் பற்றிக் கேட்டேன். பல வருடங்களுக்கு முன் மழைத்தண்ணி வீட்டுக்குள் ஏறியபோதே அது ஊறிக் கூழாகிவிட்டதாம். அன்றைக்கே அப்பா முப்பது பெயர்களையும் யோசித்து யோசித்து ஒரு தாளில் எழுதி, செபம் மாதிரிப் பாடமாக்கினார் என்றாள்.