ஒரு கையால் திறக்கும் கத்தி

டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில், ஃப்ரீவேயை ஒட்டிய அந்தக் கடையில் தூண்டில், கூடாரம், துப்பாக்கி, கத்தி எல்லாம் விற்பார்கள். ஆறு வருடமாக அந்த வழியாகத்தான் ஆபீஸ் போகிறேன். ஒருமுறைகூட உள்ளே நுழைந்ததில்லை. ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். பேன்ட் பையில் ஒரு முழ நீளத்துக்கு சீட் பெல்ட் துண்டு இருந்தது. கையில் தண்ணீர் பாட்டில்.

எனக்கு வேண்டியது பட்டன் கத்தி. பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங், தகட்டை வெளியே தள்ளிவிடும். திருப்பூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் பட்டன் கத்தி வைத்திருப்பவன் என்றால் அவனைப் பார்த்துக் கதவைச் சாத்துவார்கள். டெக்சாஸில் அது குற்றமில்லை. விசாவில் இருப்பவன் என்பதால் மூன்று இடங்களில் படித்து உறுதி செய்துகொண்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒரு விஷயத்தைப் பற்றி முழுதாகப் படித்துவிட்டால் அது நம் கட்டுக்குள் வந்துவிடும் என்று இன்னமும் நினைக்கிற ஆள். எக்செல்லில் பதினொரு கத்திகளை வரிசைப்படுத்தியிருந்தேன். பட்டன் எங்கே இருக்கிறது, பூட்டு உண்டா, முனை கூரா மழுங்கலா, பல் வைத்த தகடா, இடது கையால் திறக்குமா.

கடைசிக் கேள்விதான் முக்கியம். இடது கை, ஈரக் கை.

அந்தச் சனிக்கிழமை அவள் வருவதாக இருந்தது. என் ரூம்மேட்டின் மனைவி. வேறு மாநிலத்தில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வேலை பார்த்தாள். அவனுக்கு இங்கே, அவளுக்கு அங்கே என்று இரண்டு வருடம் ஓட்டினார்கள். அவன் இறந்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது. விபத்து என் காரில், அவன் என் பக்கத்து சீட்டில் இருந்தபோது நடந்தது. அவன் துணிமணிகளை எடுத்துப் போக வருகிறாள். போலீஸிடமும் இன்சூரன்ஸ்காரரிடமும் ஊரில் அவன் அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஒன்றைத் தவிர. அதை அவள் கேட்கப் போகிறாள் என்று ஃபோனில் அவள் குரலிலேயே தெரிந்தது. சொல்வதா, விடுவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. அதனால்தான் கத்தி வாங்கப் போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற பெண், பபுள்கம் மென்றபடி நான்கு கத்திகளை எடுத்து வைத்தாள். முதலாவதில் தகடு முன்பக்கமாகப் பாய்ந்து வரும். கட்டை விரலால் ஒரு பொத்தானை முன்னே தள்ள வேண்டும். பாட்டிலைத் திறந்து இடது கையை நனைத்துக்கொண்டு தள்ளினேன். விரல் வழுக்கியது. அவள் மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு துணியைக் கொண்டுவந்து கண்ணாடியைத் துடைத்தாள்.

இரண்டாவது பக்கவாட்டில் திறப்பது. பட்டன் பெரிது. ஆனால் பட்டனுக்குக் கீழே சின்னதாக ஒரு பூட்டு. பையில் தானாகத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக. பூட்டைத் தள்ளிவிட்டுத்தான் அழுத்த வேண்டும். அவசரத்தில் எனக்கு அந்தப் பூட்டு நினைவுக்கு வருமா? வராது. எனக்கு என்னைத் தெரியும். மூன்றாவதில் பூட்டில்லை, ஆனால் முனை ஊசி மாதிரி. ஒருவன் கழுத்துக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோக முடியாது.

நான்காவது சரியாக இருந்தது. மழுங்கிய முனை, பாதிக்கு மேல் பல் வைத்த தகடு. ஈரமான இடது கையால் அழுத்தினேன். டக்கென்று திறந்தது. மறுபடி. மறுபடி. எட்டு முறை அழுத்தினேன். எட்டு முறையும் திறந்தது.

எதற்கு வேண்டும் என்று அப்போதுதான் அவள் கேட்டாள். பெல்ட் துண்டை எடுத்துக் காட்டினேன். உடனே குனிந்து, கீழ்த்தட்டிலிருந்து விரல் நீளத்தில் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் ஒன்றை எடுத்து வைத்தாள். கொக்கி வடிவம், வளைவுக்குள் பிளேடு. சீட் பெல்ட்டுக்கு இதுதான், திறக்கவே வேண்டாம், மாட்டி இழுத்தால் போதும், ஆளையும் கீறாது, கத்தியெல்லாம் எதற்கு என்றாள். மாட்டி இழுத்தேன். என் பெல்ட் துண்டு இரண்டாகி விழுந்தது.

அந்தப் பெண் சொன்னதுதான் சரி. அது எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. ஆனாலும் கத்தியைக் கீழே வைக்க மனம் வரவில்லை. ஏனென்றால் அன்று என் கையில் இருந்தது கொக்கி இல்லை, கத்தி. இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று நடந்தது இதுதான்.

அவன் அம்மா கொடுத்துவிட்ட பார்சலை, ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் இந்தியன் ஸ்டோர் பார்க்கிங்கில் வாங்கிக்கொண்டு மதியம் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. நான் ஓட்டினேன். அவன் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு நகத்தால் டேப்பைப் பிராண்டிக்கொண்டிருந்தான்.

"எங்கம்மா டேப் ஒட்டுனா அதைப் பிரிக்க கஸ்டம்ஸ்காரனே அழுவான். டேய் மாப்ள, கத்தி வச்சிருக்கியா?"

"வீட்டுக்குப் போய்ப் பிரிடா. பத்து நிமிஷம்."

"உள்ள முறுக்கு இருக்குடா. பத்து நிமிஷம்லாம் தாங்காது."

சிக்னலில் நின்றபோது பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தேன். ஆபீஸில் பாதுகாப்பு வாரத்தின்போது எல்லோருக்கும் கொடுத்தது. அவன் கையை நீட்டினான். நான் அந்தக் கையில் கொடுக்கவில்லை. டாஷ்போர்டின் மேல் வைத்தேன்.

என் அம்மா பனியன் கம்பெனியில் பிசிர் நூல் வெட்டுகிறவர். கத்தரியை யார் கையிலும் கொடுக்க மாட்டார். மேஜையில் வைப்பார், கேட்டவர் எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஆகாமல் போய்விடும், உறவு அறுந்துவிடும். அந்தக் கம்பெனியில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். நான் அதை நம்பினேனா என்று கேட்டால் இல்லை என்பேன். கை மட்டும் தானாகச் செய்யும்.

"நீட்டுன கை நீட்டுனபடி இருக்கு, நீ பாட்டுக்கு அங்க வைக்கிற?"

"கையில குடுக்கக் கூடாதுடா."

"மாஸ்டர்ஸ் படிச்சவன்டா நீ!" என்று சிரித்தான். "நம்ம ரெண்டு பேருக்கும் சண்டை வந்தா என்ன, பாத்திரம் கழுவுறதுக்குத்தான் தினமும் வருதே."

பச்சை விழுந்தது. நான் வலது பக்கம் திருப்பினேன். டாஷ்போர்டிலிருந்து கத்தி சரிந்து, அவன் பிடிப்பதற்குள் கீழே விழுந்து அவன் சீட்டுக்கு அடியில் போய்விட்டது. "போச்சு. இப்ப சந்தோசமா?" என்றான். குனிந்து தேடிப் பார்த்தான். பெல்ட் இழுத்துப் பிடித்தது. சரி விடு என்று நிமிர்ந்துகொண்டான்.

நான்கு நிமிடம்கூட இருக்காது. ஃப்ரீவேயின் பக்கத்தில் ஓடும் ஃபீடர் ரோட்டில் தண்ணீர் நின்றதை நான் ஆழமில்லை என்று நினைத்தேன். கார் மிதந்தது. மெதுவாகத்தான் சரிந்தது, ஏர்பேக்கூட விரியவில்லை. ரோட்டோர வாய்க்காலில் முன்பக்கம் இறங்கி அவன் பக்கமாகச் சாய்ந்து நின்றது. என் பெல்ட் கழன்றது. அவனுடையது கழலவில்லை. அவன் எடை முழுவதும் அதில் தொங்கியது.

"வர மாட்டேங்குதுடா" என்றான். முதலில் எரிச்சலாகத்தான் சொன்னான், ஜிப் மாட்டிக்கொண்ட மாதிரி.

தண்ணீர் அவன் பக்கத்துக் கதவு வழியாக வந்தது. கழுத்து வரை வந்தபோது என் வலது கையால் அவன் தாடையைத் தூக்கிப் பிடித்தேன். இடது கையால் தண்ணீருக்குள் சீட்டுக்கு அடியில் துழாவினேன். கத்தி அகப்பட நேரமாயிற்று. அகப்பட்டது. ஆனால் அது இரண்டு கையால் திறக்கிற கத்தி. ஒரு கை பிடிக்க, இன்னொரு கை நகத்தால் தகட்டை இழுக்க வேண்டும். வலது கையை எடுத்தால் அவன் முகம் தண்ணீருக்குள் போய்விடும். அவன் இரண்டு கையும் தண்ணீருக்கு அடியில் பக்கிளை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தன. பல்லால் கடித்து இழுத்தேன். வழுக்கியது. மறுபடி கடித்தேன். கடைவாய்ப் பல்லில் ஒரு ஓரம் உடைந்தது. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பேசவில்லை. வாயைத் திறந்தால் தண்ணீர்.

கையை எடுப்பதா வேண்டாமா என்று நான் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. தண்ணீர் என் கைக்கும் மேலே வந்த பிறகுதான் எடுத்தேன். இரண்டு கையாலும் கத்தியைத் திறந்தேன். மூன்று இழுப்பில் பெல்ட் அறுந்தது. அவ்வளவு சுலபமாக அறுந்தது.

மருத்துவமனையில் இரண்டு நாள் மெஷினில் இருந்தான். மூன்றாம் நாள் இல்லை.

சனிக்கிழமை காலை அவள் வந்தாள். ஏர்போர்ட்டில் கூட்டிவர வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊபரில் வந்தாள். நான் போட்ட காபியை இரண்டு வாய் குடித்தாள். அவன் அறையில் நான்கு பெட்டிகள்தான் சேர்ந்தன. சட்டைகளை மடித்து வைத்தபடியே கேட்டாள்.

"கார்ல இருந்தது எல்லாம் வந்துருச்சுங்களாண்ணா?"

"வந்துருச்சும்மா. ஃபோன், கண்ணாடி. அப்புறம் அந்தப் பார்சல்."

பால்கனியில் காய வைத்திருந்த பார்சலை எடுத்துவந்து மேஜையில் வைத்தேன். மேல் அட்டை ஊறிக் கறுத்துப்போயிருந்தது. டேப் அப்படியே இருந்தது. அவள் அதை ஒரு பக்கமாகத் திருப்பினாள். அவன் நகத்தால் பிராண்டிய இடம் வெள்ளையாகத் தெரிந்தது. அதை விரலால் தடவினாள்.

"இதைப் பிரிக்கத்தானே கத்தி கேட்டாரு?"

"ஆமா."

"நான் ஒண்ணு கேக்கறேங்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. பார்சல் அவரு மடியில. பிரிக்கக் கத்தி கேட்டாரு. அப்பக் கத்தி அவரு கையிலதானே இருந்திருக்கோணும்? எப்படிச் சீட்டுக்கு அடியில போச்சு?"

பொய் ஒன்று தயாராக இருந்தது. கை தவறி விழுந்துவிட்டது என்று சொன்னால் போதும். அவன் கையா என் கையா என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை.

"நான் அவன் கையில குடுக்கலம்மா. டாஷ்போர்டுல வச்சேன்."

"ஏன்?"

"கத்தியைக் கையில குடுக்கக் கூடாதுன்னு. பழக்கம்."

அவள் மடித்த சட்டையைப் பெட்டியில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். வெளியே யாரோ இலை ஊதும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அது நின்றது.

"கையில குடுத்திருந்தா, திறந்து வச்சிருப்பாரு."

"ஆமா."

"அவரே அறுத்துட்டு வந்திருப்பாரு."

"ஆமாம்மா."

"இதை மாமாகிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல. உன்கிட்டத்தான்."

"சொல்லாதீங்க" என்றாள். பிறகு பார்சலை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு, "கத்தி குடுங்க" என்றாள்.

புதுக் கத்தி என் பையில்தான் இருந்தது. எடுத்து அழுத்தினேன், திறந்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் தோள் துள்ளியது. திறந்த கத்தியை என் கை என்ன செய்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. மேஜையில் வைத்தது. வைத்த பிறகுதான் நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

அவள் அதை எடுத்து டேப்பை அறுத்தாள். அட்டைக்குள் பிளாஸ்டிக், அதற்குள் இன்னொரு பிளாஸ்டிக், அதைச் சுற்றி மறுபடி டேப். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. முறுக்கு உடையாமல் இருந்தது. ஒன்றை எடுத்து ஒடித்தாள். அந்த மொறுமொறுப்பின் சத்தம் அறை முழுவதும் கேட்டது. அவள் தின்னவில்லை. இரண்டு துண்டையும் கவருக்குள் திரும்பப் போட்டு முடிச்சுப் போட்டாள்.

கத்தியை எப்படி மடக்குவது என்று கேட்டாள். பட்டனை அழுத்திக்கொண்டே மடக்க வேண்டும் என்று சொன்னேன். மடக்கினாள். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அங்கே வைப்பாள் என்று.

"கையை நீட்டுங்ணா" என்றாள்.

நீட்டினேன். என் உள்ளங்கையில் கத்தியை வைத்து அழுத்தினாள். கோபமாக அழுத்தினாள் என்று சொல்ல முடியாது. அன்பாக என்றும் சொல்ல முடியாது. வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

மாலை விமானத்தில் போய்விட்டாள். ஆரஞ்சுக் கொக்கியை அவள் கார் சாவியில் மாட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருந்தேன். பெட்டிகளை ஏற்றிவிட்டு வீட்டுக்குள் வந்து பார்த்தபோது அது சமையலறை மேடையில் இருந்தது, காபி டம்ளருக்குப் பக்கத்தில். போய்ச் சேர்ந்தாளா என்று கேட்க ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. தீபாவளிக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். படித்ததற்கான நீல டிக் மட்டும் விழுந்தது.

அதற்குக் காரணம் கத்தியைக் கையில் கொடுத்தது அல்ல என்பது எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொன்னால் அதுதான் என்பார். சொல்லவில்லை.

கொக்கி இப்போது என் காரில், ரியர்வியூ கண்ணாடிக்குக் கீழே தொங்குகிறது. கத்தி தினமும் பையில் இருக்கிறது. காலையில் பல் தேய்த்த கையோடு, ஈரமாகவே, இடது கையால் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறேன். திறக்கிறது. ஒவ்வொரு நாளும் திறக்கிறது. ஆபீஸில் யாராவது பெட்டி பிரிக்கக் கேட்டால் மடக்கி, கையில் கொடுக்கிறேன். கொடுக்கும்போது கை மேஜைப் பக்கம் போகிறது. அதை இழுத்துக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.