ஆத்தா சொன்ன வார்த்தை அல்ல அது

சண்டைக் காலத்தில் ஆவடி பட்டாளக் கிடங்குக்குச் சாமான் ஏற்றும் லாரியை என் தங்கை புருஷன் ஓட்டினார். கண் அசராமல் ஓட்டுவதற்காக, டிரைவர்களுக்குக் கன்டிராக்டர் ஆள் ஒரு வெள்ளை மாத்திரை கொடுப்பான். போட்டால் தூக்கமும் வராது, பசியும் எடுக்காது. மற்றவர்கள் படபடப்பு வந்ததும் விட்டுவிட்டார்கள். இவர் மேலும் மேலும் போட்டார். கூடவே சாராயம்.

"கொஞ்சம் தூங்குங்க மாப்ளே" என்றேன்.

"நான் தூங்கினா லாரிய உங்க மாரியாத்தாவா ஓட்டுவா, மச்சான்?" என்று சிரித்தார்.

பிறகு சிரிப்பு போயிற்று. குமணன்சாவடியிலிருந்து ஒருவன் சைக்கிளில் தன்னையே தொடர்வதாகச் சொல்ல ஆரம்பித்தார்.

ஆடி மாதம் கோயிலில் என் தங்கை கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் உடம்பெல்லாம் நடுங்க ஓடி வந்தார்.

"வாங்காதீங்க! இவ கூழ்ல வெசம் வெச்சுக்கீறா! காதுல சொல்லிகினே கீறாங்க!"

கூட்டம் என்ன செய்தது தெரியுமா? "ஆத்தா எறங்கிட்டாடா!" என்று அவர் கையில் வேப்பிலையைக் கொடுத்து, மாலை போட்டுக் காலில் விழுந்தது!

"காணாப்போன என் எருமை எங்க கீது தாயே?" என்று ஒருவன் அவரிடம் குறி கேட்டான்.

"எல்லாரும் சேந்துகினு என்னைக் கொல்லப் பாக்குறீங்க!"

அதற்கும் தலையாட்டினார்கள். ஒருத்தி வாங்கிய கூழை என் தங்கை காலடியிலேயே கொட்டினாள். "இன்னா வேசம்டி போட்டே இத்தினி நாளா!"

நான் தினமும் அந்த ஆத்தாளைக் கும்பிடுகிறவன். எனக்கு ரத்தம் கொதித்தது.

"அது ஆத்தா இல்ல! மாத்திரை! சாராயம்! தூங்காத மூளை!"

"சாமி குத்தம் ஆயிடும் அண்ணாத்தே" என்றார் பூசாரி.

"ஆத்தா பெத்த தாய்யா! அவ ஒரு பொண்ணு மேல பொய்ப் பழி போடுவாளா?"

அப்போதுதான் மாப்பிள்ளையின் தாயார் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். மாப்பிள்ளையின் சித்தப்பாவும் இப்படித்தான், எந்த மாத்திரையும் இல்லாமலே, காதில் குரல் கேட்டுப் புத்தி பேதலித்துச் செத்தாராம். "சொல்லியிருந்தா பொண்ணு குடுத்திருப்பீங்களா?"

கொடுத்திருப்போமோ மாட்டோமோ, அந்த மாத்திரையைத் தொட விட்டிருக்க மாட்டேனே! பூந்தமல்லி டாக்டரும் அதைத்தான் சொன்னார். எல்லாரும் போட்டது ஒரே மாத்திரைதான், ஆனால் குடும்பத்தில் அந்தக் கோளாறு இருந்து, அளவும் மீறி, தூக்கமும் கெட்டு, குடியும் சேர்ந்தால் ஆள் சீக்கிரம் விழுந்துவிடுவானாம்.

மாத்திரையை நிறுத்தினோம். நாள் கணக்கில் தூங்கினார், மெல்லத் தெளிந்தார். தான் சொன்னதைக் கேட்டு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறு ஆடியில் அவரே முதல் ஆளாகச் சொம்பை நீட்டி, அவள் ஊற்றிய கூழை எல்லார் எதிரிலும் குடித்தார். "அன்னிக்கு எனக்குப் புத்தி சரியில்லீங்க. அவ மேல தப்பு இல்ல" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அவருக்குப் பின்னால் வேறு ஒரு சொம்பும் நீளவில்லை. "நீ இன்னா சொல்றது, ஆத்தாவே சொல்லிட்டா" என்றான் எருமைக்காரன்.

பானை நிறைய இருந்த கூழை என் தங்கை திரும்ப வீட்டுக்கே சுமந்து வந்தாள். அவர்களுடைய பக்தியை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.