தறிக்குழியில் குடியிருந்தது

எங்க வீட்ல எலித் தொல்லை ஒழிஞ்சதுக்கு நான் பிள்ளையாருக்குச் சூறைத்தேங்காய் உடைச்சேன். இப்ப நினைச்சா சிரிப்பு வருது. எலி எதுக்குப் போச்சுன்னு வீட்ல ஒருத்தருக்கும் கேக்கத் தோணல.

நெசவுக்காரங்க வீட்ல எலி இல்லாம இருக்காது. பட்டுப் பாவுக்கு, அதான் தறியில நீளவாக்குல ஓடற இழைக்கு, நாங்க கஞ்சி போடறோம். அந்தக் கஞ்சி வாசனைக்கு எங்கெங்கேயோ இருக்கறதெல்லாம் மோப்பம் பிடிச்சுக்கினு வந்து குடியேறும். இழையைக் கடிச்சு வெச்சுதுன்னா அன்னிக்கு வீட்ல யாருக்கும் சோறு இறங்காது. பொறி வெச்சோம், மருந்து வெச்சோம், பூனை வளர்த்தோம். எதுக்கும் அடங்கல. அப்படி இருந்தது, இந்த வருஷம் சித்திரை வெயில்ல திடீர்னு சத்தமே இல்ல. பரண் மேல ஓட்டம் இல்ல, அரிசி மூட்டைகிட்ட புழுக்கை இல்ல. தறிக்குழியில ஒரு தேரை இருந்துச்சு, கொசுவைத் தின்னுக்கினு, எங்க வீட்டு ஆளு மாதிரி. அதையும் காணோம். பூனை மட்டும் இருந்துச்சு. ஆனா தறி ரூமுக்குள்ள வராது. வாசப்படியில உக்காந்து குழியையே பார்த்துக்கினு இருக்கும். தூக்கிக்கினு உள்ள போனா என் கையைப் பிராண்டிட்டு ஓடும். எலி இல்லன்னதும் திமிரு ஏறிப்போச்சு இதுக்குன்னு நான் அதைத்தான் திட்டினேன்.

குழின்னா என்னன்னு வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லணும். தறிக்குக் கீழ தரையில ஒரு பள்ளம் இருக்கும். நெய்யறவர் தரையில உக்காந்து, காலைப் பள்ளத்துக்குள்ள தொங்கவிட்டு, மிதிகட்டையை மிதிச்சு நெய்வார். சுத்தி மண் சுவரு. எப்பவும் ஒரு ஈரம் இருக்கும். அந்த ஈரம் இருந்தாதான் இழை அறுந்துபோகாம வரும். வெளியில வெயில் மண்டையைப் பிளந்தாலும் குழிக்குள்ள கார்த்திகை மாசம்தான். அந்தக் குளுமை எங்களுக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சுக்கினு இருந்தோம் பாருங்க, அதைச் சொல்லணும்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. ரெண்டு பாதத்துலயும் உணர்ச்சி போயிடுச்சு. ஒரு தடவை ஆணி ஏறினது தெரியாம கடைத்தெரு வரைக்கும் நடந்து போயிட்டு வந்தார். தரையில ரத்தத்தைப் பார்த்து நான் கத்தினப்பதான் அவருக்கே தெரியும். அதுலேர்ந்து தினமும் அவர் காலைத் தூக்கி என் மடியில வெச்சு, விரல் இடுக்கு வரைக்கும் பார்க்கறது என் வேலை. "டாக்டரம்மா, சீட்டு எழுதிக் குடுங்க"ன்னு கிண்டல் பண்ணுவார். பண்ணட்டும். அந்தக் காலு பகல் பூரா குழிக்குள்ள, இருட்டுல தொங்கிக்கினு இருக்குது. மேல எது ஏறினாலும் அவருக்குத் தெரியாது. எனக்கு எப்பவும் அந்தப் பயம்தான்.

நாங்க நெய்யறது கோர்வைப் புடவை. உடம்பு ஒரு நிறம், கரை வேற நிறம். ரெண்டையும் நெய்யும்போதே கோத்துக்கினு வரணும், ஒரு ஆளால முடியாது. அதனால அவருக்கு வலப்பக்கம் நான் காலை மடிச்சு உக்காருவேன். அவர் தள்ளற நாடாவை, ஊடு இழை சுத்தின கட்டையை, வாங்கித் திருப்பித் தள்ளுவேன். இழை நெருங்கி உக்கார அவர் அச்சுப் பலகையை இழுத்து டக், டக்னு அடிப்பார். எதிர்வீட்லயும் டக், பக்கத்து வீட்லயும் டக். பொழுது விடிஞ்சா பொழுது சாயற வரைக்கும் எங்க தெருவுல தரை அதிர்ந்துக்கினேதான் இருக்கும். எங்களுக்கு அது காதுல விழறதே இல்ல.

வைகாசியில ஒரு நாள், அவர் டீ குடிக்க எழுந்து போனார். நான் மட்டும் தறிகிட்ட உக்காந்திருந்தேன். குழிக்குள்ளேர்ந்து ஒரு சத்தம். சரசரன்னு மண் உதிர்றது. அப்புறம் கோணிப்பையை யாரோ மெதுவா இழுக்கற மாதிரி. எட்டிப் பார்த்தேன், மிதிகட்டை மட்டும் ஆடாம தொங்குது. அவர் வந்து உக்காந்து பலகையை அடிச்சார், சத்தம் பட்டுனு நின்னுது. கொஞ்ச நேரத்துல அவருக்கு போன் வந்துச்சு. தறி நின்னுது. பேசிக்கினே இருக்கார், கீழ மறுபடி சரசர. போனை வெச்சுட்டு அடிச்சார், கீழ அமைதி.

"ஏங்க, குழியில என்னமோ இருக்குது."

"என்ன இருக்கும்? எலியா இருக்கும்."

"எலிதான் செத்து ஒழிஞ்சுதே. இது நீங்க அடிச்சா அடங்குது, நிறுத்தினா நகருது."

அவர் சிரிச்சார். "இந்த அதிர்வுல பாம்பு பல்லி எதுனா நிக்குமா? ஊர்ல வயல்ல நடக்கறவன் கூட தரையைத் தட்டிக்கினுதான் போவான், பாம்பு ஓடட்டும்னு. நான் பகல் பூரா தட்டிக்கினு இருக்கேன். எங்க தெருவுல தறிக்குழியில பாம்புன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கியா?"

கேட்டதில்லதான். தெருவுல யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாங்க. தறி ஓடற வீட்ல பூச்சி பொட்டு தங்காது, அவ்ளோதான். அதை நம்பித்தான் குழிக்குள்ள ஒருத்தரும் டார்ச் அடிச்சுப் பார்க்கறதில்ல. என் மனசு மட்டும் கேக்கல. அவர் நிறுத்தும்போதெல்லாம் நான் காதைத் தீட்டிக்கினு உக்காந்திருந்தேன். சில நாள் ஒண்ணும் கேக்காது. நம்ம மூளைதான் குழம்பிப்போச்சுன்னு நானே என்னைத் திட்டிக்குவேன்.

ஆனி அமாவாசை வந்துச்சு. அமாவாசைன்னா எங்க ஆளுங்களுக்கு லீவு, தெருவுல ஒரு தறியும் அடிக்காது. கோயிலுக்குப் போயிட்டு வந்து சமையல் ரூமுக்குள்ள நுழைஞ்சேன். கேஸ் சிலிண்டருக்குப் பின்னால வெள்ளையா என்னமோ கிடக்குது. பாலித்தீன் கவர்னு நினைச்சு எடுத்தேன். கையில எடை இல்ல. நீளமா வந்துக்கினே இருக்குது. பாம்புச் சட்டை.

அவர் பார்த்துட்டு, "வெளியிலேர்ந்து வந்துட்டுப் போயிருக்கும்பா. கதவைத் திறந்து போட்டா வராம என்ன பண்ணும்?"னார்.

சட்டையை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சேன். அது பூரா அரக்குக் கலர்ல பட்டுத் துணுக்கு ஒட்டிக்கினு இருந்துச்சு. எங்க தறியில ஓடிக்கினு இருக்கற புடவையோட அரக்கு அது. அந்தத் துணுக்கு கொட்டறது குழிக்குள்ளதான், வேற எங்கயும் இல்ல. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். தெரு பூரா தறி நின்ன நாள் பார்த்து அது வீடு முழுக்க உலாத்திட்டுப் போயிருக்குது. அமாவாசை எங்களுக்கு மட்டும் லீவு இல்ல போலிருக்குது.

மறுநாள் காலையிலயே வாலாஜாபாத்ல பாம்பு பிடிக்கிற ஒரு தம்பிக்கு போன் பண்ணினோம். சாயங்காலம் வரேன்னான். அதுவரைக்கும் அவர் சும்மா இருக்கணுமா இல்லையா? ஆர்டர் குடுத்தவங்க வீட்ல ஆவணியில கல்யாணம், புடவை கேட்டு ஆளு வந்துட்டுப் போயிட்டாங்க. "நீதான சொன்ன, அடிச்சா அடங்குதுன்னு. அடிச்சுக்கினே இருக்கேன், போதுமா?"ன்னு குழிக்குள்ள காலை விட்டுட்டார். நான் தலையில அடிச்சுக்கினேன். ஆனா அவரைத் தனியா விட மனசு வரல, பக்கத்துல போய் உக்காந்தேன். நாடா ஒரு பக்கம் போகுது, என் கண்ணு குழியிலதான் இருக்குது.

வெயில் தாழற நேரம், ஜரிகை அறுந்துச்சு. அவர் பலகையை விட்டுட்டு, கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கினு, மூக்கு உரசற அளவுக்குக் குனிஞ்சு முடிச்சுப் போட ஆரம்பிச்சார். தறி நின்னுது. நான் கீழ பார்த்தேன்.

மிதிகட்டைக்குப் பின்னால மண் சுவத்துல ஒரு பொந்து. அதுலேர்ந்து தலை வந்துச்சு. அவசரமே இல்ல அதுக்கு. வேலை முடிஞ்சு வெளிய வர்ற மாதிரி வருது. கழுத்து வந்துச்சு, பாதி உடம்பு வந்துச்சு. அவரோட இடது பாதத்து மேல ஏறி, கொஞ்சம் நின்னு, நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துச்சு. நல்ல பாம்பு. அவர் மேல முடிச்சுப் போட்டுக்கினு, "இந்த ஜரிகை தரமே இல்லம்மா"ன்னு சொல்லிக்கினு இருக்கார். அவருக்குத் தெரியல. எந்தப் பாதத்தை நினைச்சு நான் அத்தனை வருஷம் பயந்தேனோ, அந்தப் பாதம் அப்ப கல்லு மாதிரி அசையாம இருந்துச்சு. உணர்ச்சி இருந்திருந்தா உதறியிருப்பார். கதை முடிஞ்சிருக்கும்.

கத்தினா அவர் துள்ளுவார். அது எனக்குத் தெரியும். என் கை தானா பலகைக்குப் போச்சு. இழுத்து அடிச்சேன். டக். டக். டக்.

"ஏய்! பைத்தியமா உனக்கு? முடிச்சே விழல, இழையெல்லாம் போச்சு!"

போனா போகட்டும். நான் நிறுத்தல. பட்டு அறுந்து தொங்கறது தெரியுது, அடிச்சுக்கினே கீழ பார்த்தேன். அது நாக்கை இழுத்துக்கினுச்சு. தலையைத் தாழ்த்துச்சு. பாதத்து மேலேர்ந்து வழுக்கிக்கினு இறங்கி, வந்த வழியாவே பொந்துக்குள்ள பின்வாங்குச்சு. சத்தம் கேட்டு ஓடற மாதிரி இல்ல. சத்தம் கேட்டதும் சரி, இன்னும் நேரம் ஆகலைன்னு திரும்பிப் போற மாதிரி.

"ஏங்க, காலை மெதுவா மேல எடுங்க. பேசாதீங்க."

அவர் என் மூஞ்சியைப் பார்த்தார். காலை எடுத்தார். நான் அடிக்கறதை நிறுத்தல, நிறுத்த முடியல. தோளு விட்டுப்போற மாதிரி வலி. எதிர்வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்து, பொந்துல பாம்புன்னு நான் சொன்னதும் ஐயோன்னு வாயைப் பொத்திக்கினு, என் பக்கத்துல உக்காந்து பலகையை வாங்கிக்கினாங்க. தம்பி வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி அடிச்சோம். புடவை கந்தலாயிடுச்சு.

அந்தத் தம்பி கம்பியை விட்டு அதை இழுத்துப் பையில போட்டு வாயைக் கட்டினான். பை தரையில கிடந்து நெளிஞ்சுக்கினு, உஸ்ஸு உஸ்ஸுன்னு சீறிக்கினு இருந்துச்சு. அப்ப பக்கத்து வீட்ல யாரோ தறியில உக்காந்தாங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் டக், டக். பைக்குள்ள நெளியறது அப்படியே நின்னுது.

"இன்னாக்கா இது?"ன்னான் அவன். அதுவரைக்கும் சிரிச்சுப் பேசிக்கினு இருந்தவனுக்குச் சிரிப்பு போயிடுச்சு. "தூங்கிட்ட மாதிரி கீது."

கடப்பாரையால பொந்தை வெட்டினான். உள்ள முட்டை ஓடு. தோலு மாதிரி சுருங்கிக் கிழிஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணா. குட்டி கையில அகப்பட்டது கொஞ்சம்தான், விரல் தடிமன்தான் இருக்கும், அதுக்கே படம் எடுக்குது. ஓடு நிறைய இருந்துச்சு. பொந்துக்குப் பின்னால பழைய எலி வளை. டார்ச் அடிச்சுப் பார்த்தோம், சுவத்துக்கு அடியில அது போய்க்கினே இருக்குது. எங்க தெருவுல எல்லாம் ஒட்டின வீடு, ஒட்டின சுவரு.

"மீதி எங்க போச்சு?"ன்னு கேட்டேன்.

"தெரியாதுக்கா. எங்க வேணா போயிருக்கும்." அவன் பையைத் தூக்கிக்கினான்.

ஊருக்கு வெளிய தென்னேரிப் பக்கம் புதர்ல அதைக் கொண்டுபோய் விட்டானாம். அப்புறமா போன் பண்ணினான். "பையைத் திறந்துட்டேன்க்கா, அது போகவே மாட்டேங்குது. தரையில தலையை வெச்சுக்கினு கெடக்குது. தூக்குது, மறுபடி வெக்குது. எதுக்கோ காத்துக்கினு கீற மாதிரி." என் புருஷனைக் கொல்ல இருந்த ஜந்துதான். இருந்தாலும் என் வீட்டுச் சத்தத்தைத் தேடுதேன்னு பாவமா இருந்துச்சு. சொன்னா வெக்கக்கேடு, அன்னிக்கு அழுதேன்.

பொந்துக்கு சிமெண்ட் பூசினோம். குழியை மூடிடலாம்னு சொன்னேன். பாவு தறியில ஏத்தியாச்சு, அதுல நெய்ய இன்னும் புடவை பாக்கி இருக்குது, பாதியில தறியைப் பெயர்க்க முடியாதுன்னுட்டார். அவருக்கும் பயம்தான். முகத்துல தெரிஞ்சுது. ஆனா காலை விட்டு உக்காந்துட்டார், பக்கத்துல நானும் உக்காந்தேன். அவர் முடிச்சுப் போட நிறுத்தினா என் கை பலகையைத் தட்டும். அவர் தண்ணி குடிச்சா தட்டும். எதிர்வீட்ல தறி நின்னா அந்த அக்கா தட்டறது கேக்குது. அவங்க வீட்டுக்குப் பின் வீட்லயும் தட்டறாங்களாம். இப்ப எங்க தெருவுல சத்தம் நிக்கறதே இல்ல.

அந்தக் குட்டிங்களைப் பத்தி நான் யோசிக்காத நாள் இல்ல. முட்டைக்குள்ள இருக்கும்போதே இந்த அதிர்வுலதான் வளந்துச்சுங்க. அதுங்களுக்கு இது ஊரு. தட்டினா உள்ள இரு, நின்னா வெளிய வா. தாய் கத்துக்கினதை இதுங்க பிறக்கும்போதே கொண்டுவந்துடுச்சுங்க.

நேத்து அவருக்குக் கோபம் வந்துடுச்சு.

"எப்பப் பாரு தட்டிக்கினே இருக்கியே, நீ தட்டறதாலதான் அதுங்க எங்கயும் போகாம இங்கயே கெடக்குதுங்க. நிறுத்தித் தொலை."

அவர் சொல்றதும் நியாயம்தான். கையை எடுத்து மடியில வெச்சுக்கினேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்லயும் நின்னிருந்துச்சு. பக்கத்து வீட்லயும் இல்ல. தெருவே மூச்சைப் பிடிச்சுக்கினு இருந்த மாதிரி இருந்துச்சு. அவர் தலையைச் சாய்ச்சுக் கேட்டார். என்ன கேட்டுதோ, கேக்கலையோ, எனக்குத் தெரியல. ரெண்டு காலையும் மெதுவா குழியிலேர்ந்து எடுத்து மேல வெச்சுக்கினார். என் பக்கம் திரும்பல.

"தட்டு"ன்னார்.