செல்ஃப் மோட்டாரில் ஒரு சிவப்புப் பொட்டு: சிங்கப்பூரில் இரண்டு நாள்

கோவையில் அப்பா நடத்தும் கம்பெனி, லாரி இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் செய்கிறது. ஐம்பதாம் ஆண்டு மலர் போடுகிறார்கள். தொடக்க வரலாறு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். அப்பா தொழில் பழகிய பட்டறை சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் இருந்தது. “போய் ஒரு போட்டோ எடுத்துட்டு வா கண்ணு, போதும்” என்றார். போன மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

இரவு விமானத்தில் பொட்டுத் தூக்கமில்லை. சாங்கி விமான நிலையத்திலிருந்து எம்ஆர்டி ரயில், இரண்டு வெள்ளிச் சொச்சம் (சிங்கப்பூர் டாலரை அங்கே வெள்ளி என்கிறார்கள்). ஹோட்டல் அறை 110 வெள்ளி. பெட்டியைத் திறந்தால் நடக்க இடமில்லை. அன்று ஞாயிறு. ஊர்க்காரத் தொழிலாளர்கள் எல்லோரும் சிராங்கூன் சாலையில்தான் இருந்தார்கள். வெயிலில் சந்து சந்தாக அலைந்தேன். பட்டறை இருந்த இடத்தில் இப்போது சிம் கார்டு கடை. போட்டோ எடுத்தேன். இதற்கா இத்தனை தூரம் என்று எரிச்சலாக வந்தது.

பக்கத்து மளிகைக் கடைக்காரர் என் கதையைக் கேட்டுவிட்டு, “பட்டறை முதலாளி மக சரோஜா ஆன்ட்டி தோ பாயோல இருக்காங்க லா. போன் போட்டுத் தரவா?” என்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

மறுநாள் காலை போனேன். லிட்டில் இந்தியாவில் ஏறி நியூட்டனில் மாறினால் அங்கிருந்து இரண்டாவது நிறுத்தம் தோ பாயோ. ஆன்ட்டிக்கு எழுபது தாண்டியிருக்கும். டீ கொடுத்துவிட்டு, “உங்கப்பாவ நான் அண்ணன்னுதான் கூப்பிடுவேன். அண்ணனும் நானும்தான் மோட்டாருக்குள்ள இருக்கற ஆர்மேச்சருக்குக் கம்பி சுத்துவோம். அவர் கை கொஞ்சம் ஸ்லோ” என்று சிரித்தார்.

மலருக்காக போனில் வைத்திருந்த எங்கள் மோட்டார் படத்தைக் காட்டினேன். அதன் மூடியில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கும். முதல் ஆயுத பூஜையில் வைத்த குங்குமத்தின் ஞாபகம் என்று அப்பா சொல்வார். இன்றைக்கும் எங்கள் ஆட்கள் பெட்டியில் அடைக்கும்முன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

ஆன்ட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“இது என் நெயில் பாலிஷ். நான் சுத்துன மோட்டார்ல வைப்பேன். ரிட்டர்ன் வந்தா யார் சுத்துனதுன்னு தெரியணும்ல? டிரைவருங்க எல்லாம் பொட்டு வச்ச மோட்டார் குடுன்னுதான் கேப்பாங்க.” கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “அண்ணன் என் பேரச் சொல்லியிருக்காரா?”

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவுக்கே போன் போட்டு, ஆன்ட்டி பக்கத்தில் இருப்பதைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தேன். நெயில் பாலிஷா என்று கேட்டேன்.

“ஆமா கண்ணு” என்றார் அப்பா. “அதப் பாத்துத்தான் இங்கயும் வச்சேன். ஒரு பொம்பளப் புள்ள கை வேலையோட அடையாளம்னு சொன்னா அன்னைக்கு எவன் வாங்கியிருப்பான்?”

“இப்ப வாங்குவாங்களா அண்ணே?” என்றார் ஆன்ட்டி.

“சரோஜா… நல்லா இருக்கியா அம்மிணி?”

“அத நான் கேக்கல லா.”

அப்பா போனை வைத்துவிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆன்ட்டி டீக் கோப்பைகளைக் கழுவப் போனார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். லிட்டில் இந்தியாவுக்கு ஞாயிறு மாலை போகாதீர்கள், நிற்க இடமிருக்காது. பழைய கடைகளைத் தேடுவதென்றால் காலை பத்துக்குமேல் போங்கள், முன்னால் போனால் ஷட்டரைத்தான் பார்க்கலாம். குடை கட்டாயம். இரண்டு நாள் போதாது. என் கால் வீக்கம் இன்னும் வடியவில்லை.

ஊருக்கு வந்து சரோஜா ஆன்ட்டியைச் சேர்த்துத்தான் எழுதிக் கொடுத்தேன். அப்பா அந்தப் பத்தியை அடித்துவிட்டார். சண்டை போட்டுப் பார்த்தேன், அலுத்துவிட்டது. மலர் அச்சுக்குப் போய்விட்டது. அதில் குங்குமம்தான் இருக்கிறது. இந்த வலைப்பதிவு என்னுடையது, இதில் அடிக்க ஆளில்லை. எங்கள் கம்பெனி மோட்டார் உங்கள் லாரியில் இருந்தால் மூடியைப் பாருங்கள். அது சரோஜா வைத்த பொட்டு.