பழைய மோட்டார் ரோட்டில் ஒரு சுமைதாங்கி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன பழைய மோட்டார் ரோடு எங்கே என்று மனுப் போட்டுக் கேட்டால், அது வேறு அலுவலகத்துக்கு உரியது என்று பதில் வரும். அங்கே கேட்டால் முதல் அலுவலகத்தைக் காட்டுவார்கள். அப்படிப்பட்ட பதில்களை எழுதியே ஓய்வு பெற்றவன் நான். அதனால் மனுப் போடாமல் ஸ்கூட்டரை எடுத்தேன்.

பின்னால் அத்தான். என் அக்காவின் கணவர், எண்பதைத் தாண்டியவர். கண் நரம்பு காய்ந்துகொண்டே வருவதாக டாக்டர் சொல்லிவிட்டார்.

"பார்வை போறதுக்குள்ள அவ கல்லை ஒருக்கா பாத்திரணும் மாப்ளே."

அக்கா நிறைமாதத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் போகும்போது வழியிலேயே இறந்துபோனாள். பிள்ளையும் வயிற்றோடு போயிற்று. சுமையை இறக்காமல் போனவளுக்குச் சுமைதாங்கி நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக்கல் வைப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் இறக்கிவைத்து இளைப்பாறலாம். கார் நின்ற இடத்திலேயே அத்தான் நட்டார். பிறகு பட்டாளத்துக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் ரோட்டை நேராக்கிவிட்டார்கள்.

புளியமரங்கள் எங்கே இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்கின்றனவோ, அதுதான் பழைய ரோடு. கல்யாண மண்டபம் ஒன்றின் பின்னால் கொஞ்சம் கிடைத்தது. அதன்மேல் எச்சில் இலைகள். அப்புறம் ஒரு தென்னந்தோப்புக்குள் நுழைந்தது.

"ரோடா? எல்லாம் பட்டா நிலம்யா" என்றார் தோப்புக்காரர்.

குற்றாலத்துக்குக் கார்கள் போன ரோட்டுக்குப் பட்டா கொடுத்த கெட்டிக்காரர் எனக்குத் தெரிந்தவராகவும் இருக்கலாம். தோப்பைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரை விட்டேன்.

கண்மாய்க்கரை இறக்கத்தில் நட்ட கற்கள் இரண்டும் நின்றன. அத்தான் தடவிப் பார்த்தார்.

"மேல இருந்தது எங்க மாப்ளே?"

சற்றுத் தள்ளி, வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகக் கிடந்தது. புல்லுக்கட்டோடு ஒரு பெண் அதன்மேல் நடந்து வந்தாள்.

"இதை யாரு தாயி இங்க போட்டது?" என்று அத்தான் கேட்டார்.

"யாரு கண்டா? நான் வாக்கப்பட்டு வரும்போதே கெடக்கு தாத்தா. எம்புட்டுப் பாரம்னாலும் அசையாது. பைக்கே போவுதுன்னா பாருங்களேன்."

அவள் போனதும், கல்லை மீட்கும் வழிமுறையைச் சொல்ல ஆரம்பித்தேன். வி.ஏ.ஓ.விடம் மனு, தாசில்தாருக்கு நகல், அப்புறம் சர்வேயர்…

"சும்மா இரும் மாப்ளே. எடுத்துட்டா இவிய எது வழியா போவாவ?"

திரும்பலாம் என்றேன். அவர் எதிர்க்கரையைப் பார்த்தார்.

"அவ போகாத மிச்ச ரோட்டையும் பாத்திருவோம்."

செருப்பைக் கழற்றினார். கல்லின்மேல் கால் வைக்க மனம் வரவில்லை போலும், வாய்க்காலில் இறங்கினார். முழங்கால் அளவுத் தண்ணீர். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, அவர் கையைப் பிடித்தேன். நடுவில் நின்றவர், கையை விடுவித்துக்கொண்டு கல்லின் அடிப்பக்கத்தில் வைத்தார்.

மேலே இன்னொரு பெண் கட்டோடு வந்தாள். அவள் கடந்து முடியும்வரை அத்தான் கையை எடுக்கவில்லை.