பாஞ்சாலி மகனுக்கு வந்த ரிசல்ட்

பாஞ்சாலி பெருமுக்கல்காரி. தன் அம்மாவோட தம்பி திருமுருகனையே கட்டிக்கினு திருவெண்ணெய்நல்லூர் போனவ. சொந்தத்துல கட்டினவங்கன்றதால, 2009-ல திண்டிவனத்துல எங்க ஆஸ்பத்திரியில அவளுக்குப் பையன் பிறந்தப்போ, ரத்தம் டெஸ்ட்டுக்கு அனுப்பியே ஆவணும்னாங்க டாக்டரம்மா. குழந்தையோட குதிகால்ல ஊசி குத்தி ரெண்டு சொட்டு எடுத்தேன். நான் நர்சு, பேரு அக்னஸ்.

எட்டாம் நாள் ரிசல்ட் வந்துச்சு. பிள்ளைக்குப் பிறவியிலேயே தைராய்டு சுரக்கல. உடனே மாத்திரை ஆரம்பிச்சா ஒரு குறையும் இல்லாம வளரும், விட்டா மூளை வளராது. ஃபாரத்துல இருந்தது புருஷன் நம்பர். "டெஸ்ட்டுல ஏதோ கோளாறு காட்டுது, குழந்தையை ஜல்தியா கூட்டியாங்க"ன்னேன். "சரிங்க சிஸ்டர்"னான். நோட்டுல 'தகவல் சொல்லியாச்சு'ன்னு எழுதிட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டேன்.

தலைப்பிரசவம், பாஞ்சாலி அம்மா வீட்டுல இருந்தா. பதினாறாம் நாள் பேர் வைக்க அவ அப்பா அடிச்ச பத்திரிகை, நான் போன் பண்றதுக்கு முந்தின நாள்தான் திருமுருகன் கைக்கு வந்திருக்கு. அதுல அவன் அண்ணன் பேரு விட்டுப்போச்சு. அதுக்கு முறுக்கிக்கினு, மாமனார் நேர்ல வந்து அழைக்காம அந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்னு உட்கார்ந்துட்டான். போன்ல கூட பேசல.

பிள்ளை அழவே அழாது. பால் குடிச்சிக்கினே தூங்கிடும். "எம்புள்ளை தங்கம், ஒரு தொந்தரவு கிடையாது"ன்னு பாஞ்சாலி பார்க்கிறவங்ககிட்டலாம் பெருமை பேசிக்கினு இருந்திருக்கா. பாவி மக, அவளுக்கு என்ன தெரியும்.

அஞ்சாம் மாசம், தலை நிக்கலன்னு தூக்கிக்கினு வந்தா. பழைய நோட்டைப் புரட்டினேன், 'தகவல் சொல்லியாச்சு'ன்னு என் கையெழுத்துலேயே இருந்துச்சு. திருமுருகனை வரவழைச்சு டாக்டரம்மா கேட்டாங்க.

"கோளாறுன்னுதானுங்களே சொன்னாங்க, சீக்குன்னு சொல்லலியே. மாமனார் வந்து அழைச்சா சொல்லிக்கலாம்னு இருந்தேன்"னான். நல்லா இருக்குதுய்யா உன் ரோஷம். பெத்த பிள்ளையை விட அண்ணன் பேரு பெரிசாப் போச்சு.

பாஞ்சாலி அவனை விட்டுட்டு என் பக்கம் திரும்பினா.

"அவருக்கு ரோஷம். உனக்கு என்னக்கா? நாங்க வரலன்னு தெரியுமில்ல. இங்கேருந்து பெருமுக்கலுக்கு பஸ்ஸே இல்லையா?"

சொல்லியாச்சுன்னு எழுதினவ, வந்தாங்களான்னு பாக்கல.

பையனுக்கு இப்ப எட்டு வயசு. இன்னும் பேச்சு சரியா வரல. மாத்திரை வாங்க மாசாமாசம் அவன் கையைப் பிடிச்சிக்கினு வர்றா. நான் உட்கார்ந்திருந்தா, வேற சிஸ்டர் வர்ற வரைக்கும் வெளியவே நிக்கிறா.