மீசை முளைக்கும் வரை

கொளத்தூர்ப் பக்கத்தில் செல்லக்கண்ணு சுண்ணாம்பு அடிப்பார், மனைவி சித்தம்மா குழைத்துக் கொடுப்பார். எழுபதைத் தாண்டிய செல்லக்கண்ணுவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்ததும், இருவரும் மைசூரில் மகள் ஜோதிமணி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எதிரே இருப்பது ஆளா அலமாரியா என்று கேட்டுத்தான் அவர் தெரிந்துகொள்வார்.

எழுபது வயதானவர்களுக்கு அரசாங்கக் காப்பீட்டு அட்டை உண்டு, ஆபரேஷன் இலவசம். ஆனால் வெளியூர்க்காரர் என்பதால் ஆதாரில் மைசூர் விலாசம் ஏற வேண்டும். ஜோதிமணி நாயாய் அலைந்து அதை முடித்தாள். அட்டைக்குக் கைரேகை வைப்பதுதான் பாக்கி.

அங்கேதான் சித்தம்மா புகுந்தார். அட்டை கிடைத்தால் மாதேஸ்வரன் மலையில் முடி இறக்குவதாகச் செல்லக்கண்ணு நேர்ந்திருந்தார்.

"சாமிகிட்டயே கடன் சொல்லுவீங்களா? மொதல்ல குடுத்துருங்க."

பஸ் ஏற்றிக் கூட்டிப்போய், தலையோடு மீசையையும் சேர்த்து இறக்க வைத்தார்.

சேவை மையத்தில், சுண்ணாம்பு தின்ற விரலில் ரேகை விழவில்லை. முகத்தைப் பார்த்த எந்திரம், ஆதாரில் இருக்கும் முறுக்கு மீசைக்காரர் இவரில்லை என்றது.

"எனக்குத் தெரியுது அஜ்ஜா, மிஷினுக்குத் தெரியலயே. மீசை பேக்கு, மீசை வேணும்," என்றான் மையத்து நஞ்சுண்டசாமி.

கண் தெரிய மீசை முளைக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் சட்டம் போட்டானோ! ஜோதிமணி விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். வாராவாரம் நஞ்சுண்டசாமி கிழவரின் தாடையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான்.

"லெஃப்ட் பரவால்ல. ரைட்டு இன்னும் வரணும்."

வரிசையில் நின்றவர்களும் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொன்னார்கள்.

ஒருவழியாக எந்திரம் ஒப்புக்கொண்டது. ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த கண்ணில் முதலில் பட்டது சித்தம்மாவின் முகம். முக்காடு நழுவியிருந்தது. உள்ளே மொட்டைத் தலை.

"இது எப்போ?"

"போன மாசமே. உங்க மீசை சீக்கிரம் வரட்டும்னு நேந்துக்கிட்டேன்."

ஒரே வீட்டில் இருந்தும் தெரியாமல் போனதே! அந்தத் தலையைத் தடவிப் பார்த்தார்.

"அடிப் பைத்தியமே, அடுத்த மாசம் உனக்கும் எழுபது. முழங்கால் ஆபரேஷனுக்கு அட்டை எடுக்கணுமே. இந்த மூஞ்சிய எவன் ஒத்துக்குவான்?"

"எனக்கென்ன மீசையா மொளைக்கணும்? முடிதானே, வரும்."

செல்லக்கண்ணு மலை இருக்கும் திசை பார்த்துக் கண்களை மூடி, இரு கைகளையும் கூப்பினார்.

சித்தம்மா அவசரமாக அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினார்.

"நீங்க ஒண்ணும் நேந்துக்காதீங்க."